உயிருள்ளவை, கவனம்

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

மருமகன் பிறந்த சேதியைக் கார்டில் இரண்டே வரியில் எழுதிப் போட்டிருக்கிறாய், சரக்கு வந்து சேர்ந்தது என்று ரசீது அனுப்புகிற மாதிரி. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான் என்கிறாய். தாய் எப்படி இருக்கிறாள், பிள்ளை எப்படி இருக்கிறான், ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்து ஒழுங்காக எழுது. இந்தக் காதை வைத்துக்கொண்டு என்னால் போனில் பேச முடியாது என்று உனக்குத் தெரியாதா?

உன் மகள் கெண்டை உன்னைவிடத் தேவலாம். உன் கடை உறையில், உன் கடை முத்திரையோடு, எனக்கு ஒரு கவிதை அனுப்பியிருக்கிறாள். எட்டு வயதில் இப்படியா! கேள்:

*சின்னச் சின்ன மீனெல்லாம்*
*கூன் முதுகு மீனெல்லாம்*
*முதலாளி வீட்டுக்குப் போகும்.*
*முதலாளி வாயைத் திறப்பார்.*
*உள்ளே இருட்டா இருக்கும்.*
*இருட்டா இருந்தாத்தான் தூக்கம் வரும்.*

நான்கு முறை படித்தேன். பத்திரிகையில் சிறுவர் பக்கத்தை நான் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து வண்ணத்துப்பூச்சியும் வானவில்லும் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. இந்தக் கற்பனை வேறு மாதிரி. இந்த மாத இதழிலேயே போடக் கொடுத்துவிட்டேன். கெண்டையிடம் சொல், அத்தை முத்தம் அனுப்பியிருக்கிறாள் என்று.

அன்புடன்,
அக்கா

-----

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு வரியில் எழுதியதற்குத் திட்டியிருக்கிறாய், சரிதான். ஆனால் முதலில் ஒரு வேலை செய். அந்தப் பாட்டைப் போடாதே. அச்சுக்குப் போயிருந்தால் நிறுத்து.

அது கற்பனை இல்லை அக்கா.

நான் வண்ண மீன் விற்கிறேன் என்றுதான் உனக்குத் தெரியும். கடையின் பின்கட்டில் சிமெண்ட் தொட்டிகளில் நாங்களே மீன் வளர்த்து, பையில் காற்றடைத்து, ரயிலில் வெளியூருக்கு அனுப்புகிறோம். குஞ்சுகளை ரெண்டு வாரம் விட்டுப் பார்ப்போம். முதுகு கோணியது, நீந்தாமல் அடியிலேயே கிடப்பது, வால் வளராதது எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். தேறாததை வலையில் அள்ளி ஓரத்துத் தொட்டியில் போடுவோம். அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஆஸ்கார் மீன் இருக்கிறது. வேலை எதுவும் செய்யாமல் தின்றுகொண்டே இருப்பதால் கடைப் பையன்கள் அதற்கு வைத்த பெயர் முதலாளி. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் வைத்தார்கள், கழுதைகள். நானும் சிரித்துவிட்டுப் போனேன். தொழில் என்றால் இதெல்லாம் உண்டு. தேறாத மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தால் தேறின மீனுக்கும் எனக்கும் சேர்ந்து பட்டினி.

கெண்டை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பின்கட்டுக்கு வந்துவிடுவாள். என் பக்கத்தில் நின்று எல்லாம் பார்ப்பாள். போன வாரம் நான் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால், இவள் டீ வடிகட்டியை வைத்துக்கொண்டு தானே குஞ்சு பொறுக்குகிறாள். ஒவ்வொன்றையும் விரலால் ஒரு தடவு தடவி, "போய்த் தூங்கு" என்று சொல்லி, முதலாளி தொட்டியில் விடுகிறாள்.

"யாரு உன்னைச் செய்யச் சொன்னது?" என்றேன்.

"நீங்க பிஸியா இருந்தீங்கப்பா."

"பாவமா இல்லியா உனக்கு?"

"பாவம்னா நீங்க ஏன் பண்றீங்க?"

கையைக் கழுவச் சொல்லி மாடிக்கு அனுப்பினேன்.

பையனைப் பற்றிக் கேட்டாய். என் உள்ளங்கையில் தலையை வைத்தால் முழங்கைக்கு எட்ட மாட்டேன் என்கிறான். வலது பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. அதைப் பிறகு சரிசெய்யலாம், முதலில் எடை ஏறட்டும் என்றார் டாக்டர். நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தொட்டிக்குக் கண்ணாடி வெட்டித் தருகிற பக்கத்துக் கடைக்காரர் பார்க்க வந்தார். "எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "ரெண்டு வாரம் விட்டுப் பார்க்கலாம்ண்ணே" என்றேன். கெண்டை என் காலடியில் உட்கார்ந்து ரப்பர் பேண்டுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் கேட்கிறாள். "அப்பா, தம்பிக்குக் கால் கோணலா இருக்கு."

"ஆமாம்மா."

"பாலும் ஒழுங்கா குடிக்க மாட்டேங்குறான்."

"ஆமா."

"அப்ப?"

அக்கா, அந்த ஒரு சொல்லுக்கு நான் எழுந்து தொட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். வாடகைக்கு ஒரு தொட்டியில் ஆரம்பித்து இந்தக் கடையைக் கட்டியவன் நான். போலீஸ், ரவுடி, வட்டிக்காரன், யாரைப் பார்த்தும் பயந்ததில்லை. எட்டு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

பாட்டை நிறுத்து.

உன் தம்பி

-----

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

இதழ் கடைக்குப் போய்விட்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தியிருக்கவும் மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அதற்குள் மூன்று பேர் பாராட்டி எழுதிவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், உழைப்பவர்களை விழுங்கும் முதலாளித்துவத்தை ஒரு பிஞ்சு உள்ளம் இவ்வளவு துல்லியமாக உணர்ந்திருக்கிறதே என்று உருகியிருக்கிறார். உன் ஆஸ்காருக்குச் சொல், பிரபலமாகிவிட்டது.

சிரித்துவிட்டு யோசித்துப் பார். குழந்தைகள் எப்போதும் இப்படித்தான். நம் தெருவில் தும்பிக்கு நூல் கட்டாத பிள்ளை உண்டா? ஓணானை அடிக்காத பிள்ளை உண்டா? பெரியவர்களான பிறகு கவிதை எழுத உட்கார்ந்தால் மட்டும் நம் எல்லோர் கையிலும் பூ முளைத்துவிடுகிறது. நூலை எழுதமாட்டோம், தும்பியை மட்டும் எழுதுவோம். உன் மகள் நூலையும் எழுதிவிட்டாள், அவ்வளவுதான். அதில் கெட்ட எண்ணம் இல்லை. தூங்கப் போகிறது என்று நினைத்துத்தானே தடவிக் கொடுக்கிறாள்? பிஞ்சு மனசு அது.

தம்பி பிறந்தால் எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் பொறாமை வரும். நீ பிறந்தபோது உன்னைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடச் சொன்னேனாம், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போடாமல்தானே வளர்த்தேன்? உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தால் அவளைக் கொஞ்ச நாள் என்னிடம் அனுப்பு.

அன்புடன்,
அக்கா

-----

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தைரியம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கெட்ட எண்ணம் இல்லை என்கிறாய். அதுதான் எனக்குப் பயம். கெட்ட எண்ணம் இருந்தால் முகத்தில் தெரியும், அதட்டலாம், அடிக்கலாம். தடவிக் கொடுத்துக்கொண்டே செய்கிற பிள்ளையை என்ன செய்வது?

நடந்ததைச் சொல்கிறேன். பேக்கிங் பார்க்கிற பெரியவர் வந்து, "முதலாளி, பெரிய பை ஒண்ணு குறையுது" என்றார். பெரிய பை என்றால் முழு வளர்ச்சி தங்கமீன் அனுப்புகிற பை, ஒரு தலையணையே உள்ளே போகும். எலி இழுத்திருக்கும் என்று விட்டேன். மறுநாள் கெண்டையின் பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களுக்கு நடுவே அது மடித்து இருந்தது. கூட ரப்பர் பேண்ட்.

"இது எதுக்கும்மா?"

"வேணும்."

"எதுக்கு வேணும்னு கேட்டேன்."

பிடுங்கி வைத்தேன். இன்று பார்த்தால் அலமாரியில் மறுபடி ஒன்று குறைகிறது.

தொட்டில் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள். கொஞ்சுவது கிடையாது, விளையாட்டுக் காட்டுவது கிடையாது. மீன் பார்ப்பது போல, அவன் வாய் திறந்து மூடுவதையே பார்க்கிறாள். நான் உள்ளே வந்தால் சட்டென்று திரும்பி என் கையைப் பார்க்கிறாள். என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "பெத்த பொண்ணைப் பத்திப் பேய் பிசாசு மாதிரி பேசாதீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு உடம்பில் தெம்பில்லை, மேற்கொண்டு சொல்லவும் மனமில்லை. நான்தான் சாக்குச் சொல்லிச் சொல்லிக் கடைக்கும் மாடிக்கும் ஏறி இறங்குகிறேன். கடையில் கணக்கு தப்புகிறது. எண்ணிப் போட்ட மீனை மறுபடி எண்ணுகிறேன்.

அதனால் வருகிற சனிக்கிழமை அவளை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன். எவ்வளவு நாள் என்று இப்போது கேட்காதே. பள்ளிக்கூடத்தில் நான் பேசிக்கொள்கிறேன். துணிமணி எடுத்து வைக்கச் சொன்னேன்.

"தம்பியும் வர்றானா?" என்றாள்.

"அவன் எப்படி வருவான்? நீ மட்டும்தான்."

அப்போதுதான் அழுதாள். பையன் பிறந்ததிலிருந்து நான் பார்க்க அழுதது அதுதான் முதல் தடவை. "நான் போனா அவன் தனியா இருப்பான், நான் போகமாட்டேன்" என்று தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. சொன்னால் நம்பமாட்டாய், அந்தக் கயிற்றில் அவள் கை இருந்ததைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

உன் தம்பி

-----

தந்தி
ஜூன் 18

பையனை அவளிடம் தனியே விடாதே. கடிதம் பின்னால் வருகிறது. அக்கா

-----

ஜூன் 18

தம்பிக்கு,

தந்தி கொடுத்துவிட்டு நேரே வந்து எழுதுகிறேன்.

காலைத் தபாலில் கெண்டையிடமிருந்து இன்னொரு கவிதை வந்தது. அதே உறை. உறையைப் பிரிக்கும்போது சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன்.

*தம்பிக்குக் கால் கோணல்.*
*ரெண்டு வாரம் முடியப்போகுது.*
*பெரிய பை எடுத்து வெச்சிருக்கேன்.*
*ரப்பர் பேண்ட் ரெண்டு சுத்து.*
*அப்பா வர்றதுக்குள்ள*
*அவன் தூங்கிட்டே போயிடுவான்.*

முதல் கவிதையில் தூக்கம் என்று அவள் எதைச் சொன்னாள் என்று நீதான் எனக்கு எழுதினாய். நான்தான் பிஞ்சு மனசு என்று பதில் எழுதினேன். சனிக்கிழமை வரை காத்திருக்காதே. இன்றே கூட்டிக்கொண்டு வா.

அக்கா

-----

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பையன் நன்றாக இருக்கிறான். அதை முதல் வரியில் எழுதிவிடுகிறேன், நீ மேலே படிக்க.

உன் தந்தி வந்தபோது நான் ஸ்டேஷனில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் பேக்கிங் பெரியவர் அதைக் கையில் கொடுத்தார். தந்தி என்றாலே சாவுதானே, பாவம், பிரிக்காமல் பயந்துகொண்டு வைத்திருந்தார். படித்துவிட்டு மாடிக்கு ஓடினேன். என் வீட்டுக்காரி குளித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் சத்தம் கேட்கிறது. தொட்டில் காலி.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பின்கட்டில் நின்றேன். எங்கே போவது? கால் தானாக ஓரத்துத் தொட்டிக்குத்தான் போனது. இதை உன்னிடம் எழுதவே வெட்கமாக இருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். முதலாளி மேலே வந்து தீனிக்காக என்னைப் பார்த்து வாயைத் திறந்தது.

அப்போது பேக்கிங் அறையிலிருந்து உஸ்ஸ் என்று சத்தம். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தால் வருகிற சத்தம். இருபது வருஷமாக அது எனக்குப் பணம் வரும் சத்தம். நேற்று அது கேட்டதும் மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே போனேன். மேசைமேல் தெர்மகோல் பெட்டி. அதற்குள் அவளுடைய பாவாடையை மடித்துப் பரப்பி, அதன்மேல் பையன். கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறான். பக்கத்தில் அந்தப் பெரிய பையின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக் குழாயை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறாள். கையில் வளையல் மாதிரி ரெண்டு ரப்பர் பேண்ட்.

என்னைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்து ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வராதீங்க."

"கெண்டை..."

"இன்னும் ரெண்டு வாரம் ஆகல. நாளன்னிக்குத்தான் ஆகுது. ஏமாத்தாதீங்கப்பா."

"என்னம்மா ஆகுது?"

"நீங்கதானே கண்ணாடி மாமா கிட்ட சொன்னீங்க. ரெண்டு வாரம் விட்டுப் பார்க்கலாம்னு. அவன் தேறல. எனக்குத் தெரியும். வால் வளராத மீன் மாதிரிதான் இருக்கான். ஆனா அத்தை வீட்டுல முதலாளி கிடையாது."

அக்கா, அப்போதுதான் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும் ஒட்டுகிற சீட்டு: உயிருள்ளவை, கவனம். அதன் கீழே, அவள் கோணல் கையெழுத்தில், உன் விலாசம்.

"தண்ணி ஊத்தல," என்றாள் அழுதுகொண்டே. "அவன் மீன் இல்லேன்னு எனக்குத் தெரியும். காத்து மட்டும்தான். நிறைய காத்து. அத்தை வீடு போறவரைக்கும் வரும்."

எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பெட்டியின் ஓரத்தில் இடிபடாமல் காகிதம் கூடச் சொருகியிருந்தாள். இன்னும் ரெண்டு நிமிஷம். பையனைப் பைக்குள் விட்டு வாயை முறுக்கிக் கட்டியிருப்பாள். அன்பாகத்தான் கட்டியிருப்பாள்.

சிலிண்டரை மூடினேன். பையனைத் தூக்கப் போனேன். அவள் என் முழங்கையைக் கடித்துவிட்டாள். நன்றாகவே கடித்தாள், பல் தடம் இருக்கிறது. அந்த வலியில்தான் எனக்குப் புத்தி வந்தது. ரெண்டு வாரமாக ஒரே வீட்டில், ஒரே தொட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்று, நான் அவளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வரும்போதெல்லாம் என் கையைப் பார்த்தாளே, அது வலை இருக்கிறதா என்று.

உன் கடிதம் இன்று வந்தது. அந்தப் பாட்டை இப்போது படித்துப் பார். "அப்பா வர்றதுக்குள்ள."

சனிக்கிழமை வரவில்லை. அவளை அனுப்பினால் தொட்டிலில் இருக்கிறவனை என்னிடம் தனியே விட்டுவிட்டோம் என்று அங்கே கிடந்து சாவாள்.

உன் தம்பி

-----

ஜூன் 23

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க முடியாமல் நடுவில் இரண்டு முறை எழுந்து போனேன்.

பெட்டியில் என் விலாசம் இருந்தது என்று படித்ததிலிருந்து வாசலில் யார் நிழல் பட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்சல்காரன் வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு இந்தக் காது நன்றாகக் கேட்காதது நல்லதுதான் என்று முதல் முறையாக நினைத்தேன்.

அவள் எனக்கு எழுதியதெல்லாம் தகவல், தம்பி. முதல் தடவை என்ன நடக்கிறது என்று சொன்னாள், ரசித்தேன். இரண்டாம் தடவை உதவி கேட்டாள், அவளையே கட்டிப்போடச் சொல்லித் தந்தி அடித்தேன். இந்த மாதப் பக்கத்துக்கு இருபது கவிதை வந்து கிடக்கிறது. ஒன்றில் ஒரு பையன் வெட்டுக்கிளியைத் தீப்பெட்டிக்குள் வைத்ததை எழுதியிருக்கிறான். காற்றுக்காக ஓட்டை போட்டேன் என்று எழுதியிருக்கிறான். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கெண்டை என்னைப் பற்றி என்ன சொல்கிறாள்? மறைக்காமல் எழுது.

அக்கா

-----

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். எழுத ஏதாவது நல்லது நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. "அத்தைக்குத் தபால் லேட்டா போயிருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

உட்கார வைத்துப் பேசினேன். மீன் வேறு, மனுஷன் வேறு, பெற்ற பிள்ளையை யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "வேறன்னு யாரு சொன்னா?" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். "நீங்க சொன்னதைத்தானே முதல்லயும் கேட்டேன்" என்றாள். சரக்குப் பேரத்தில் என்னை யாரும் இப்படி மடக்கினதில்லை.

முதலாளியை ஒரு வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டேன். அந்தத் தொட்டியில் இப்போது கூன் மீன்கள்தான் இருக்கின்றன. சும்மா தின்கின்றன. எவ்வளவு நாள் இப்படி ஓட்டமுடியும் என்று தெரியாது. உன்னிடம் பொய் சொல்லி நல்ல பேர் வாங்க மாட்டேன், தொழில் தொழில்தான். ஆனால் அவள் தினம் சாயங்காலம் வந்து அந்தத் தொட்டியைத்தான் முதலில் பார்க்கிறாள். ஒன்று குறைந்தாலும் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். காலையில் கடை திறந்ததும் நானும் அங்கேதான் முதலில் போகிறேன், ஏதாவது தானாகச் செத்துக் கிடக்கிறதா என்று. செத்தால் அவள் நம்பவேண்டுமே.

பையன் எடை ஏறிவிட்டது. நேற்று காலுக்குக் கட்டுப் போட எலும்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறாள். "எங்க கொண்டு போறீங்க?" சொன்னேன். "நானும் வர்றேன்." பள்ளிக்கூடம் என்றேன். அசையவில்லை. கூட்டிப்போனேன். வழி முழுக்க அவன் போர்வையின் நுனி அவள் கையில்.

டாக்டர் பாதத்தை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டார். வாரம் ஒரு தடவை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக் கட்டுவாராம். கெண்டை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவன் தேறாட்டி என்ன பண்ணுவீங்க?" என்று அவரைக் கேட்டாள்.

"மறுபடியும் கட்டுப் போடுவோம்."

"அப்பவும் தேறாட்டி?"

"மறுபடியும் போடுவோம்மா. அதை விட்டா வேற வேலையே இல்ல எனக்கு."

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்," என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அவளுக்கும் எனக்கும் உட்கார இடம் கிடைத்தது. பையனை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள், கை வலித்ததோ என்னவோ, தானாகவே அவனைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். தலை என் தோளில் சாய்ந்துவிட்டது, வாய் திறந்திருந்தது. போர்வை நுனியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தூங்கவில்லை. எங்கள் நிறுத்தம் வந்ததும் எடுத்துவிடப் பார்த்தேன். முடியவில்லை. மூன்று பேரும் அப்படியே இறங்கினோம்.

உன் தம்பி